ஜெனரல் வெட்டிய முதல் முடி

நாளைக் காலைப் பூசை முடிந்ததும் கல்லறைச் சுவரோரம் கர்னல் பால்தசார் எச்சேவெரியைச் சுடப்போகிறார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம். அவன் மனைவி கசில்டா அன்று விடிந்ததும் செய்த முதல் வேலை, கத்தரிக்கோலைச் சாணை பிடித்தது.

"என்னடி பண்றே?" என்று பதறினாள் நாத்தனார் எலோதியா. "கறுப்பு உடுத்து. தலையை விரிச்சுப் போடு. அந்த மிருகத்தோட காலைப் பிடிச்சுக் கதறு. பிஷப்பையும் கூட்டிட்டுப் போ."

"பிஷப் போன வாரமே போய்க் கதறினாரு அண்ணி, அவர் தம்பி மகனுக்காக. ஜெனரல் அவரை உக்காரவெச்சு, குடிக்கக் கொடுத்து, கண்ணைத் துடைச்சுவிட்டு, வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பினாரு. பையனைச் சுட்டாச்சு."

கசில்டா கத்தரிக்கோலைத் திருப்பி மறுபக்கத்தைச் சாணையில் வைத்தாள்.

ஜனாதிபதி செலடோனியோ அரந்தாவைக் கண்ணீரால் அசைக்க முடியாது. கசில்டாவுக்கு அது மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். படைக்குப் பின்னால் சட்டியும் பானையும் தூக்கிக்கொண்டு நடந்து, படை தங்குவதற்கு முன்பே அடுப்பு மூட்டி வைக்கும் பெண்களில் அவள் ஒருத்தியாக இருந்தவள். அரந்தா அப்போது வெறும் சார்ஜென்ட். மலையிலிருந்து சந்தைக்கு உப்பு விற்க வந்த இடத்தில் ஆள்பிடிக்கிற சிப்பாய்கள் கழுத்தில் கயிறு வீசி இழுத்துப் போனதாக அடுப்போரம் உட்கார்ந்து அவரே சொல்லியிருக்கிறார். அப்பா இல்லை, அம்மா இல்லை. தேடி வர ஒரு நாய்கூட இல்லை. உப்பாற்றுப் போரில் தொடையில் ஈட்டி பாய்ந்து கிடந்தவரை, செத்த கோவேறு கழுதைக்குப் பின்னால் இழுத்துப்போட்டு உயிர் பிழைக்க வைத்தவள் கசில்டா.

அதற்கப்புறம் போர் அவரைக் கேப்டனாக்கியது. ஒரு கலகம் கர்னலாக்கியது. இன்னொரு கலகம் ஜெனரலாக்கியது. மூன்றாவது கலகத்தில் ஈட்டிக்காரர்களோடு அரண்மனைச் சாப்பாட்டு அறைக்குள்ளேயே குதிரையை விட்டார். மேசைமேல் சூப் இருந்தது. சூப் ஆறுவதற்குள் ஆட்சி மாறிவிட்டது. பழைய ஜனாதிபதியைச் சுவரோரத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த சூப்பை அவரே உட்கார்ந்து குடித்தார் என்று ஊரில் கதை உண்டு. கதையில்லை, நிஜம். பசியோடு வளர்ந்தவர் சாப்பாட்டை வீணாக்க மாட்டார்.

உப்பாற்று நன்றியைச் சொல்லிக் கேட்கவும் வழியில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பால்தசார் முதல் தடவை சதியில் மாட்டியபோது அரந்தா அவனை விடுவித்தார். "இது உப்பாத்துக்கு. தீர்ந்தது," என்று அன்றே அவளிடம் சொல்லிவிட்டார். இப்போது பால்தசார் இரண்டாம் தடவை படைவீட்டுக்குள் புகுந்து, இரண்டு கம்பெனிகளைக் கிளப்பி, தோற்று, சங்கிலியில் கிடக்கிறான்.

அவளிடம் மிச்சம் இருந்தது ஒன்றுதான். நான்கு வயது மகள் ரூஃபினாவின் தலையில் பிறந்ததிலிருந்து கத்தரி படவில்லை. பால்தசார் நகரத்துக்காரன், பெரிய வீட்டுப் பிள்ளை. "மலைக்காட்டுச் சடங்கெல்லாம் என் வீட்டில் வேண்டாம்" என்பான். சடங்கு இல்லாமல் வெட்ட கசில்டா சம்மதிக்கவில்லை. இருவரும் பிடிவாதம் பிடித்ததில் முடி இடுப்புவரை இறங்கியிருந்தது.

அவள் அந்த முடியைச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் பின்னினாள். ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா கட்டினாள். வெள்ளைத் துணி விரித்த தட்டில் கத்தரிக்கோலை வைத்தாள். மகளை முதுகில் கட்டிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள்.

அன்று வியாழக்கிழமை. யார் வேண்டுமானாலும் வந்து ஜனாதிபதியை முற்றத்தில் பார்க்கலாம்.

வாசலில் கார்ப்பரல் திகோனா தடுத்தான். மலைக்காரன், கன்னத்துக்குள் கோக்கா இலை அதக்கியிருந்தான். "மன்னிச்சுக்கங்க கர்னலம்மா. ஆயுதம் ஏதாவது…"

கசில்டா துணியை விலக்கிக் காட்டினாள்.

திகோனா கத்தரிக்கோலைப் பார்த்தான். முதுகிலிருந்து எட்டிப் பார்த்த குழந்தையின் பின்னல்களைப் பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான். வழிவிட்டான். அவள் பத்தடி போவதற்குள் பின்னால் அவன் குரல் கேட்டது: "டேய், எல்லாரும் முற்றத்துக்கு வாங்கடா! தூங்கறவனையும் எழுப்பு!"

அதுதான் அவளுக்கும் வேண்டியிருந்தது.

*

அரந்தா மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சுவரை தொங்கும் தாடி நரைத்திருந்தது. ஈட்டி பாய்ந்த காலை நீட்டி வைத்திருந்தார். பக்கத்தில் மந்திரி டாக்டர் பெனாவென்தே, கறுப்புக் கோட்டோடு.

"வா கசில்டா. அழப்போறியா?"

"இல்லை, சார்ஜென்ட்."

முற்றத்தில் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். அரந்தா மட்டும் லேசாகச் சிரித்தார். "நல்லது. காலையிலேர்ந்து மூணு பேர் அழுதாச்சு. பூட்ஸெல்லாம் ஈரம். சொல்லு."

"என் பொண்ணுக்கு முடியிறக்கணும். இன்னைக்கே இறக்கணும். நாளைக்கு இவ தகப்பனில்லாத பிள்ளை. அப்புறம் எவன் வந்து ஞானத் தகப்பனா நிப்பான்? முதல் முடியை நீங்க வெட்டணும்."

தட்டை நீட்டினாள்.

சுவரோரம் வரிசையாக நின்ற காவல்படைச் சிப்பாய்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றினான். அதைப் பார்த்து எல்லாரும் கழற்றினார்கள்.

ஏனென்றால் அங்கே இருந்த ஒவ்வொரு மலைக்காரனுக்கும் புரிந்துவிட்டது. முதல் முடியை வெட்டுகிறவன் குழந்தைக்கு ஞானத் தகப்பன். பெற்றவனும் அவனும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே; பெற்றவளுக்கு அவன் கொம்பாத்ரே, அவனுக்கு அவள் கொமாத்ரே. உடன்பிறந்தவனைவிட ஒரு படி மேலான உறவு. கொம்பாத்ரேயின் ரத்தத்தைச் சிந்துகிறவனை மண் ஏற்காது. செத்த பிறகும் அழுகாமல், பனிமலையில் ஊளையிட்டுக்கொண்டு அலைவான். சரி, மறுத்துவிடலாமே என்றால், அதுவும் முடியாது. தேடி வந்து கேட்டவளை மறுத்தால் அந்தக் குழந்தைக்கு வருகிற நோயும் சாவும் மறுத்தவன் தலையில்.

வெட்டினால் கர்னலைச் சுட முடியாது. வெட்டாவிட்டால் இத்தனை சிப்பாய்களுக்கு முன்னால் சபிக்கப்பட்டவன். அடுத்த போரில் எவன் அவர் பின்னால் நடப்பான்?

அரந்தா தட்டைப் பார்த்தார்.

"உப்பாத்துல என்னை இழுத்துட்டுப் போனப்போ உனக்கு இவ்வளவு மூளை இருந்ததாத் தெரியலையே."

"அன்னைக்கு இழுக்கத் தெம்பு மட்டும் போதுமா இருந்தது, சார்ஜென்ட்."

மந்திரி குனிந்து காதில் கிசுகிசுத்தார். கசில்டாவுக்கும் கேட்டது. "வெட்டிவிடுங்கள் ஜெனரல். ஒரு கொத்து முடிதானே? நாளைக்குத் தண்டனையும் நிறைவேறட்டும். ஜனாதிபதியின் கருணை என்று பத்திரிகையில் போட்டுவிடுவோம்."

"டாக்டர், நீங்க எந்த ஊர்ல பிறந்தீங்க?"

"கடற்கரையில், ஜெனரல்."

"அதான்."

கசில்டா மகளை இறக்கிவிட்டாள். ரூஃபினா பயப்படவில்லை. நேரே போய் அவர் முழங்காலில் கை வைத்து, தாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, இந்த ஆட்டுத் தாத்தாவுக்கும் முடி வெட்டணுமா?"

சிப்பாய் ஒருவன் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டான். அரந்தா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜனாதிபதியிடம் வேலை கேட்டு வந்தவர்கள் உண்டு. நிலம் கேட்டு வந்தவர்கள் உண்டு. தன்னை உறவாகக் கேட்டு வந்தவள் கசில்டா ஒருத்திதான். அதுவும் கழுத்துக்குக் கயிறு போடத்தான் வந்திருக்கிறாள். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் கை தட்டை நோக்கிப் போயிற்று.

"கயித்துக்கு ரெண்டு முனை உண்டு கசில்டா," என்றார் மெல்ல. "என்னைக் கட்டினா அவனையும் கட்டும். தெரியும்ல?"

"தெரியும்."

கத்தரிக்கோல் ஒரு பின்னலைக் கடித்தது. சிவப்பு நாடாவோடு முடி தட்டில் விழுந்தது.

"ஞானத் தகப்பன் பரிசு என்ன?" என்று திகோனா பின்னாலிருந்து கேட்டான். கேட்பது வழக்கம். யாராவது கேட்டே ஆகவேண்டும். "கன்னுக்குட்டியா? ஆட்டுக்குட்டியா?"

அரந்தா எழுந்தார். குழந்தையின் தலையில் கை வைத்தார்.

"இவ அப்பன்," என்றார்.

*

சங்கிலி கழன்று வீட்டுக்கு வந்த பால்தசார், கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

"ஒரு கொத்து முடிக்கு ஒரு கர்னலா! அந்த உப்புக்காரன் நிஜமாவே பயந்துட்டானா? ஐயோ, எனக்குத் தெரிஞ்சிருந்தா மொட்டையே அடிச்சு ஒரு நாட்டையே வாங்கியிருப்பேனே!"

"சிரிக்காதீங்க. அவர் இப்ப உங்க கொம்பாத்ரே."

"ஆமாண்டி ஆமா. என் தாதியும் சொல்லுவா. பனிமலை, ஊளை… நான் அப்பவே தூங்கிடுவேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்துக்காகத்தான் அப்பன் கள்ளுக்கடையை விட்டு ஓடிவந்தாள். படையோடு நடந்த நாட்களில், ஆறு வந்தால் குதிரையிலிருந்து இறங்கி அவளைத் தோளில் தூக்கிக் கடத்திய ஒரே அதிகாரி அவன்தான். எதையும் கேலி செய்யும், எதற்கும் அஞ்சாத சிரிப்பு. அன்று முதல் தடவையாக அவள் அந்தச் சிரிப்போடு சேர்ந்து சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அரண்மனையில் விருந்து. மேசையில் மந்திரிகளெல்லாம் உட்கார்ந்திருக்க, அரந்தா பால்தசாரின் தட்டில் தானே இறைச்சி எடுத்து வைத்தார்.

"கொம்பாத்ரே, என் காவல்படை இன்னைலேர்ந்து உன்னோடது."

பெனாவென்தேயின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. "ஜெனரல்! போன மாதம் தங்களைக் கொல்ல வந்த ஆள்!"

"போன மாசம் வந்தது யாரோ ஒரு கர்னல். இவன் என் கொம்பாத்ரே." அரந்தா ரொட்டியைப் பிய்த்தார். "காவல்படைக்கு நான் வெச்ச ஆள்ல ஒருத்தன் என்னை வித்தான். அடுத்தவன் விலை படியாம விட்டான். உங்க தம்பியை வெச்சேன் டாக்டர், அவன் என்ன பண்ணான்னு உங்களுக்கே தெரியும். வாங்க முடியாத ஆள் இந்த நாட்டுல ஒருத்தன்தான் இருக்கான். இதோ, எதிர்ல உக்காந்து ஆட்டுக்கறி தின்றான்."

பால்தசார் எழுந்து பணிவாகக் குனிந்தான். நிமிரும்போது கசில்டாவைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

கசில்டா தட்டைத் தள்ளி வைத்தாள். அவள் வீசிய கயிற்றின் ஒரு முனை அரந்தாவை இறுக்கியிருந்தது. மறுமுனையில் ஆளே இல்லை.

அந்த மாதங்களில் அரந்தா ஒன்றும் சாதுவாகிவிடவில்லை. சுவரோரம் ஆட்கள் விழுந்துகொண்டுதான் இருந்தார்கள். படையை விட்டு ஓடிய பையன் ஒருவனைப் பிடித்து வந்தார்கள், திகோனாவின் தம்பி. அவனையும் சுட்டார்கள். திகோனா அன்று வாசல் காவலில் நின்றான். அசையவில்லை. மறுநாளும் நின்றான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஜெனரல் ஒரு துணியில் இனிப்பு ரொட்டி கட்டிக்கொண்டு வந்து, வெட்டிய முடி வளர்ந்திருக்கிறதா என்று ரூஃபினாவின் தலையை விரலால் அளந்துவிட்டுப் போவார். குழந்தை அவரை 'ஆட்டுத் தாத்தா' என்றே கூப்பிட்டாள். அந்தப் பேரில் கூப்பிட்டு உயிரோடிருந்த ஒரே ஆள் அவள்தான்.

*

கார்னிவல் திருவிழாவுக்கு முன்னால் வரும் வியாழன், கொம்பாத்ரேக்களின் நாள். அன்று கொம்பாத்ரே வீட்டுக்குக் கூடை நிறைய ரொட்டியும் பழமும் எடுத்துப் போகவேண்டும். ஆயுதம் எடுத்துப் போகக்கூடாது. காவலும் கூடாது. கொம்பாத்ரே வீட்டுக்குத் துப்பாக்கியோடு போவது, பெற்ற தாயை வேவு பார்ப்பது மாதிரி.

விடிந்ததிலிருந்து கசில்டா சமையலறையில் நின்றாள். முயல்கறியும் சோளக்கள்ளும் தயாராகிக்கொண்டிருந்தன. கொல்லைக் கதவு வழியாகத் திகோனாவும் ஆறு சிப்பாய்களும் உள்ளே வந்து குதிரை லாயத்துக்குள் போனதை அவள் பார்த்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கரண்டியை வைத்துவிட்டு நேரே கணவனின் அறைக்குப் போனாள். பால்தசார் கண்ணாடி முன் நின்று விழாச் சீருடையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"லாயத்துல ஆளுங்க எதுக்கு?"

"கத்தாதே. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது. பிடிச்சு எல்லைக்கு அனுப்பப்போறேன். கழுதை மேல ஏத்தி, மலைக்கு அந்தப் பக்கம். அவ்வளவுதான். நாடு மூச்சு விடட்டும். நீயே சொல்லு, திகோனா தம்பி என்ன பாவம் பண்ணான்?"

"எல்லைக்குப் போக எத்தனை நாள் ஆகும்?"

"ஏன், ஒரு வாரம்."

"ஒரு வாரம்," என்றாள் கசில்டா. "என்கிட்ட யாரும் சாப்பாடு கட்டச் சொல்லலையே."

பொத்தான் போட்ட விரல் நின்றது.

படைக்குப் பின்னால் நடந்த பெண்ணிடம் பயணத்தைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது. மலை தாண்டப் போகிறவர்களுக்கு உப்புக்கண்டம் வேண்டும், வறுத்த சோளம் வேண்டும், கழுதைக்குத் தீனி வேண்டும். லாயத்தில் ஒரு கழுதைகூடச் சேணம் போட்டு நிற்கவில்லை என்பதை அவள் சமையலறையிலிருந்தே பார்த்துவிட்டாள்.

"அவர் உங்க கொம்பாத்ரே," என்றாள். "உங்க உயிருக்காக அவரை நான்தான் கட்டிப்போட்டேன். அந்தக் கட்டுல கிடக்கற ஆளை…"

"அவன் கட்டுண்டது அவன் மூடத்தனத்துல. நான் ஏன் அதுக்குக் கட்டுப்படணும்?" பால்தசார் திரும்பினான். குரலில் கோபம்கூட இல்லை. "இங்க பாரு. அவன் உயிரோட எல்லை தாண்டினா, அடுத்த வருஷம் படையோட வருவான். அப்ப நீ எத்தனை பேர் முடியை வெட்டி என்னைக் காப்பாத்துவே? போ. போய் மேசையைத் தயார் பண்ணு."

அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

கசில்டா நடைபாதையில் நின்றாள். சொன்னால் கணவன் சாவான். சொல்லாவிட்டால் அவள் கையால் கட்டப்பட்டவர் சாவார். யோசிக்க நேரமிருக்கவில்லை. தெருவில் குழந்தைகளின் கூச்சல் கேட்டது. நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு, தலைமேல் ஒரு கூடை ரொட்டியோடு, தனியாக, நாட்டின் ஜனாதிபதி தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தார்.

அவள் வாசலுக்கு ஓடினாள்.

"உள்ள வராதீங்க, கொம்பாத்ரே."

அரந்தா நின்றார். அவளைப் பார்த்தார். கூடையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். முப்பது வருஷம் சிப்பாயாக இருந்தவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

"எத்தனை பேர்?"

"ஏழு. லாயத்துல. எல்லைக்கு அனுப்பறதாச் சொல்றார். அனுப்பமாட்டார். திரும்பிப் போங்க. ஆனா… அவரை விட்டுடுங்க. வேற எங்கயாவது அனுப்பிடுங்க. உங்க காலைப் பிடிக்கறேன்."

"இப்ப அழறே பாரு," என்றார் அரந்தா. "அன்னைக்கு அழலை."

தெருவின் கோடியைத் திரும்பிப் பார்த்தார். அரண்மனை மணிக்கூண்டு தெரிந்தது. கொஞ்ச தூரம்தான். நொண்டிக் காலுக்கும் கொஞ்ச தூரம்தான்.

"நான் திரும்பிப் போனா என்ன ஆகும்? சதி பண்ணான்னு ஊருக்கே தெரியும். நாளைக்கு அவனை நான் சுட்டாகணும். இல்லைன்னா நாளன்னைக்கு எவனாவது என்னைச் சுடுவான். பொண்ணு முடியை வெட்டின கையால அவ அப்பனைச் சுடறதுக்கா வெட்டினேன்? எவ்வளவோ பண்ணியிருக்கேன் கொமாத்ரே. மண்ணு என்னை ஏத்துக்கும்னு இன்னும் ஒரு சின்ன நம்பிக்கை இருக்கு. அதைக் கெடுத்துக்க மாட்டேன்."

"அவர் சுடுவார்!"

"அவன் ஆளுங்க மலைக்காரனுங்க. கொம்பாத்ரே வீட்டு மேசையில எவனும் விசையைத் தொட மாட்டான். சுடணும்னா அவனே சுடணும். என் முகத்தைப் பார்த்து. அவனால முடியாது." சிரித்தார். "எந்த மனுஷனாலயும் முடியாதும்மா."

"அவர் நம்மூர் ஆள் இல்லை, சார்ஜென்ட்!"

"நம்ம பொண்ணோட அப்பன்தானே," என்று சொல்லிவிட்டு, அவளை மெல்ல ஒதுக்கிவிட்டு, உள்ளே நடந்தார்.

*

மேசையில் உட்கார்ந்து ரொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பால்தசார் வந்ததும் இரண்டு கோப்பைகளில் கள் ஊற்றினார். தரையில் கொஞ்சம் சிந்தி மண்ணுக்குக் கொடுத்தார். "வா கொம்பாத்ரே," என்று ஒரு கோப்பையை நீட்டினார்.

பால்தசார் வாங்கவில்லை. "திகோனா!" என்று கூப்பிட்டான்.

சிப்பாய்கள் உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். துப்பாக்கிகள் தரையைப் பார்த்தன.

"குறி வை."

யாரும் அசையவில்லை.

"கர்னல்," என்றான் திகோனா. "எல்லைக்குன்னு சொன்னீங்க."

"குறி வைடா நாயே!"

"உங்க கொம்பாத்ரே, கர்னல். உங்க மேசை. எங்களால முடியாது."

அரந்தா திரும்பி வாசலில் நின்ற கசில்டாவைப் பார்த்தார். 'சொன்னேனில்லையா' என்கிற மாதிரி ஒரு பார்வை. சண்டையில் ஜெயித்த சார்ஜென்ட்டின் பார்வை. கோப்பை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

பால்தசார் இடுப்பிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்து, மேசையைச் சுற்றி வந்து, கை நீளத்தில் நின்று சுட்டான். ஈ விரட்டுகிற மாதிரி அத்தனை சுலபமாக.

*

மாலைக்குள் ஊர்ப் பெரிய மனிதர்களெல்லாம் முன்கூடத்தில் கூடிவிட்டார்கள். டாக்டர் பெனாவென்தே அதே கறுப்புக் கோட்டோடு வந்து புதிய ஜனாதிபதியின் அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார். கோப்பைகள் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

உடலைச் சமையலறை மேசையில் கிடத்தியிருந்தார்கள். கசில்டா அவர் முகத்தை வெந்நீரால் துடைத்துக்கொண்டிருந்தாள். ரூஃபினா மூலையில் சாக்கு மூட்டைமேல் தூங்கிப்போயிருந்தாள்.

திகோனா வந்து நின்றான். பின்னால் மற்றவர்களும் நின்றார்கள்.

"கர்னலம்மா, ஒண்ணு கேக்கணும். ஜெனரல் என் தம்பியைச் சுட்டவர். எனக்கு அவர் மேல பாசம் ஒண்ணும் கிடையாது. எல்லைக்கு அனுப்பினா சந்தோஷமா அனுப்பியிருப்பேன். ஆனா இன்னைக்கு நடந்தது வேற. படைவீட்டுல ஒருத்தனும் சாப்பிடலை. இந்த வீட்டுல செஞ்ச பாவம் எங்க தலையிலயும் விழும்னு பயப்படறானுங்க."

"நான் என்ன பண்ணணும்?"

"அவருக்குப் பெண்டாட்டி இல்லை. பிள்ளை இல்லை. அண்ணன் தம்பி இல்லை. ரத்தத்துக்கு ரத்தம் கேக்கற உரிமை இருக்கற ஒரே ஆள், கொமாத்ரே. நீங்கதான்." தலை குனிந்தபடி சொன்னான். "நீங்க வேணாம்னு சொன்னா துப்பாக்கியைப் போட்டுட்டு ஊருக்குப் போயிடறோம். சத்தியம். வேணும்னா… முன்கூடம் இதோ இருக்கு. உங்க வாயால வரணும்."

ஒரு வார்த்தை. 'வேண்டாம்.' அவ்வளவுதான். பால்தசார் நூறு வயதுவரை இருப்பான். அவனுக்காகச் சிறைவாசலில் நின்றிருக்கிறாள். அவனுக்காகப் பெற்ற மகளின் தலையைத் தட்டில் ஏந்திப் போயிருக்கிறாள். ஆற்றில் அவளைத் தூக்கிய தோள் அது. அவள் உதடு பிரிந்தது. சொல்லிவிடத்தான் போனாள்.

"கசில்டா!" முன்கூடத்திலிருந்து கணவனின் குரல் வந்தது. சந்தோஷமான குரல். "அந்த மேசையைக் காலி பண்ணித் துடைக்கச் சொல்லு. நாற்பது பேருக்குச் சமைக்கணும். இடம் பத்தாது!"

சிப்பாய்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கசில்டா துணியைப் பிழிந்து அரந்தாவின் தாடியில் ஒட்டியிருந்த கடைசிக் கறையைத் துடைத்தாள். துணியை மடித்து வைத்தாள். தூங்கும் மகளைத் தூக்கிக் கம்பளியால் முதுகில் கட்டினாள்.

"பிள்ளை காதுல எந்தச் சத்தமும் விழக்கூடாது," என்றாள். "நான் பாலம் தாண்டறவரைக்கும் பொறுங்க."

திகோனா ஓர் ஆளைக் கூரைக்கு அனுப்பினான். அங்கிருந்து பாலம் தெரியும்.

தெருக்களில் கொம்பாத்ரேக்களின் நாள் இன்னும் முடியவில்லை. குடித்தவர்கள் தோள்மேல் தோள் போட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். கசில்டா யாரையும் பார்க்கவில்லை. கடைவீதி தாண்டி, கோயில் தாண்டி, பாலத்தில் ஏறினாள். நடுவில் வந்ததும் கால் நின்றது.

கீழே மழைத் தண்ணீர் பழுப்பாக ஓடியது. பின்னால் வீட்டின் கூரை தெரிந்தது. அதன்மேல் ஒரு கறுப்புப் புள்ளி. அவன் இவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இங்கேயே நின்றால் ஒன்றும் நடக்காது. பாலம் தாண்டாதவரை பால்தசார் உயிரோடிருப்பான். கோப்பையை உயர்த்திக்கொண்டு, யாரையாவது கேலி செய்துகொண்டு, சிரித்துக்கொண்டிருப்பான்.

ரொம்ப நேரம் நின்றாள். கைப்பிடிச் சுவரின் கல் உள்ளங்கையில் சில்லிட்டது.

முதுகில் குழந்தை புரண்டது. "அம்மா, எங்க போறோம்? குளிருது."

"இதோ, போயிடலாம்," என்றாள் கசில்டா.

மறுகரையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.